கட்டி நுரையீரலில், அரிப்பு முழங்கையில்

நுரையீரலில் கட்டி. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை கை நரம்பில் ட்ரிப்ஸ் வழியாக மருந்து ஏறுகிறது. முடி கொட்டவில்லை, வாந்தி இல்லை. கீமோவை நினைத்துப் பயந்துகொண்டிருந்த குடும்பத்துக்கு மூச்சு வருகிறது. இரண்டாவது ஊசி முடிந்து சில நாளில் முழங்கை, முதுகு, வயிறு என்று ஊறல் ஆரம்பிக்கிறது. தடிப்புத் தடிப்பாக எழும்புகிறது. "மருந்து ஒத்துக்கலீங்க போல, ஒரே சூடு கிளம்பிருச்சுங்க" என்று வீட்டில் முடிவு செய்துவிடுகிறார்கள்.

சேலம், நாமக்கல் பக்கத்து வீடுகளில் தோல் தடித்தால் முதல் வைத்தியம் கரப்பான் பண்டங்களை, அதாவது அரிப்பைக் கிளப்பும் என்று நம்பும் உணவுகளை, நிறுத்துவது. கத்தரிக்காய் போகும், கருவாடு போகும், கூடவே கோழியும் முட்டையும் போகும். ஊருக்கெல்லாம் முட்டை அனுப்பும் மாவட்டத்தில், உடம்புக்குப் புரதம் அதிகம் வேண்டிய நேரத்தில், நோயாளியின் தட்டிலிருந்து முட்டை இறங்கிவிடுகிறது.

முட்டை மேல் குற்றமில்லை. மருந்தும் நஞ்சாக மாறித் தோலை எரிக்கவில்லை. தோலைத் தாக்கிக்கொண்டிருப்பது அந்த மனிதரின் சொந்த வெள்ளணுக்கள். மருந்து செய்தது அவற்றின் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது மட்டும். இதைத் தன்னெதிர்ப்பு என்பார்கள்: உடம்பின் தற்காப்பு தன் உடம்பையே எதிரியாக நடத்துவது.

இம்யூனோதெரபி என்ற பெயரில் பல சிகிச்சைகள் உண்டு. இங்கே பேசுவது செக்பாயிண்ட் தடுப்பான்கள் என்ற வகையைப் பற்றி. இபிலிமுமாப், நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் ஆகியவை இதில் முதலில் வந்தவை. (பெயர் 'மாப்' என்று முடிவதெல்லாம் இந்த வகை என்று எண்ணிவிட வேண்டாம். அது ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்பொருள் மருந்துகள் பலவற்றுக்கும் பொதுவான வால்.) இவை என்ன செய்கின்றன என்று புரிய, முதலில் டி செல், பி செல் என்ற இரண்டு வெள்ளணு வகைகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு நாமக்கல்லில் கோழிப்பண்ணையை விட நல்ல இடம் கிடையாது.

கோழிக்குஞ்சின் கழிவாய்க்குச் சற்று மேலே பர்சா என்று ஒரு சின்னப் பை இருக்கிறது. 1950களில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் கிளிக் என்ற ஆராய்ச்சி மாணவர் அந்தப் பை எதற்கு என்று பார்க்கக் குஞ்சுகளிடமிருந்து அதை வெட்டி எடுத்தார். குஞ்சுகள் வழக்கம்போல வளர்ந்தன. ஒன்றும் தெரியவில்லை. பிறகு அவருடைய நண்பர் திமோதி சாங், வகுப்பில் செய்து காட்டக் கோழிகள் போதாமல், இந்தக் கோழிகளில் சிலவற்றை வாங்கிப்போய் சால்மொனெல்லா கிருமியை ஊசியில் ஏற்றினார். ரத்தத்தில் எதிர்ப்பொருள் உண்டாவதை மாணவர்களுக்குக் காட்டுவதுதான் திட்டம். பர்சா எடுக்கப்பட்ட கோழிகளில் எதிர்ப்பொருள் உண்டாகவே இல்லை. வகுப்பு வீணானது, கண்டுபிடிப்பு கிடைத்தது. 'சயன்ஸ்' இதழ் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட, அது 1956இல் 'பவுல்ட்ரி சயன்ஸ்' என்ற கோழி ஆராய்ச்சி இதழில் வெளியானது. மனித மருத்துவர்கள் அதைக் கவனிக்கப் பல வருடம் ஆயிற்று. எதிர்ப்பொருள் செய்யும் அணுக்களுக்கு பி செல் என்ற பெயர் அந்த பர்சாவின் முதலெழுத்தால் வந்தது. கம்போரோ நோய் வந்து தப்பிய குஞ்சுக்கு மற்றத் தடுப்பூசிகள் சரியாக எடுபடாது என்பது பண்ணைக்காரர்களுக்குத் தெரியும். கம்போரோ வைரஸ் தின்பது இந்த பர்சாவைத்தான்.

டி செல் பயில்வது தைமஸ் என்ற உறுப்பில். கோழிக்கு அது கழுத்தின் இருபுறமும் துண்டுதுண்டாக ஓடுகிறது. நமக்கு மார்பெலும்பின் பின்னால் இருக்கிறது. அதன் வேலையை 1961இல் லண்டனில் ஜாக் மில்லர் எலிகளை வைத்துக் கண்டார். தைமஸில் பிறக்கும் ஒவ்வொரு டி செல்லும் ஒரு குறிப்பிட்ட புரதத் துணுக்கை மட்டும் அடையாளம் காணும். எந்தத் துணுக்கு என்பது கிட்டத்தட்டக் குலுக்கலில் முடிவாகிறது. அதனால் நம் சொந்தப் புரதத்தை அடையாளம் காணும் அணுக்களும் தவறாமல் பிறக்கும். அப்படிப்பட்டவற்றை தைமஸ் அங்கேயே கொன்றுவிடுகிறது. ஆனால் எல்லாவற்றையும் அல்ல. தோலுக்கு நிறம் தரும் அணுக்களின் புரதத்தைக் குறிவைக்கக்கூடிய டி செல்கள், எந்த நோயும் இல்லாதவர்களின் ரத்தத்திலும் இருக்கின்றன. இதைப் படிக்கும் உங்கள் ரத்தத்திலும் இருக்கலாம்.

அப்படியென்றால் நமக்கெல்லாம் ஏன் தோல் வெளுத்துப்போகவில்லை?

லாரி ஊர்க்காரர்களுக்கு இதை லாரியை வைத்தே சொல்லிவிடலாம். ஷெட்டில் நிற்கும் வண்டிக்குக் கை பிரேக் போட்டிருக்கும். அதை எடுத்தால்தான் கிளம்பும். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் வேலை செய்வது கால் பிரேக். டி செல்லுக்கும் இப்படி இரண்டு பிரேக் உண்டு. ஒன்று, நிணநீர் முடிச்சில், அணு வேலைக்குக் கிளம்பும் இடத்தில் பிடிப்பது. அதன் பெயர் சி.டி.எல்.ஏ-4. மற்றொன்று, கிளம்பிப்போன அணு தோலிலோ நுரையீரலிலோ வேலை செய்துகொண்டிருக்கும்போது பிடிப்பது. அது பி.டி-1. புற்றுநோய் அணுக்களில் பல, பி.டி-1 பிரேக்கை அழுத்தும் புரதத்தைத் தங்கள் மேல்பரப்பில் முளைக்கவைத்துக்கொள்கின்றன. தாக்க வந்த டி செல் கட்டியின் வாசலிலேயே நின்றுபோகிறது. செக்பாயிண்ட் தடுப்பான் மருந்து அந்தப் பெடலுக்கு அடியில் கட்டை கொடுப்பது மாதிரி. இனி யார் மிதித்தாலும் அழுந்தாது. சிக்கல் என்னவென்றால், கட்டை விழுவது கட்டியை நோக்கிப் போகும் வண்டிக்கு மட்டுமல்ல, ஊரில் ஓடும் அத்தனை வண்டிக்கும்.

இவை பிரேக்தான் என்பது எப்படித் தெரியும்? அந்தப் பிரேக்கைச் செய்யும் மரபணுவை எலியிலிருந்து எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். சி.டி.எல்.ஏ-4 இல்லாமல் பிறந்த எலிகள் மூன்று நான்கு வாரத்தில் செத்தன. டி செல்கள் தறிகெட்டுப் பெருகி இதயம், கணையம் என்று எல்லா உறுப்பிலும் புகுந்திருந்தன. அது 1995. அடுத்த வருடமே ஜேம்ஸ் ஆலிசன் குழு, அதே பிரேக்கை எதிர்ப்பொருளால் அடைத்தால் எலியின் கட்டி கரைகிறது என்று காட்டியது. பி.டி-1 மரபணுவை 1992இல் கியோட்டோவில் கண்டெடுத்தது தசுகு ஹொன்ஜோவின் ஆய்வகம். அது இல்லாத எலிகள் உடனே சாகவில்லை. மாதக்கணக்கில் நன்றாக இருந்துவிட்டு மெதுவாகத் தன்னெதிர்ப்பு நோயில் விழுந்தன. ஒரு வகை எலிக்கு மூட்டும் சிறுநீரகமும் கெட்டன, வேறொரு வகைக்கு இதயம். பிரேக் ஒன்றுதான், எந்த உறுப்பில் முட்டும் என்பது எலியின் வம்சத்தைப் பொறுத்தது. ஆலிசனுக்கும் ஹொன்ஜோவுக்கும் 2018இல் நோபல் பரிசு சேர்ந்து கிடைத்தது. பின்னால் மனிதர்களுக்கு நேர்ந்ததை இந்த எலிகள் ஏறக்குறைய முன்கூட்டியே சொல்லிவிட்டன என்று எனக்குத் தோன்றுகிறது. 2011இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இபிலிமுமாப், சி.டி.எல்.ஏ-4 மருந்து, பக்கவிளைவில் கடுமையானது. 2014இல் வந்த பி.டி-1 மருந்துகள் அவ்வளவு கடுமையில்லை. ஒரே மருந்து வாங்கும் இருவரில் ஒருவருக்குத் தோல், இன்னொருவருக்குத் தைராய்டு என்று மாறுவதும் எலிக் கதைதான்.

இருந்தாலும் மற்ற உறுப்புகளை விடத் தோல் அடிக்கடியும் முந்தியும் அடிபடுகிறது. பி.டி-1 மருந்து வாங்குவோரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத் தோலில் ஏதாவது தெரிகிறது, பெரும்பாலும் முதல் சில வாரங்களில். ஒரு காரணம், தோலில் காவலுக்கு இருக்கும் கூட்டம். 2006இல் பாஸ்டனில் ரேச்சல் கிளார்க் குழு கணக்கிட்டபோது, ஒருவர் தோலில் சுமார் 2000 கோடி டி செல்கள் இருக்கும் என்று வந்தது. ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருப்பவற்றைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. பழைய தொற்றுகளை நினைவில் வைத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டவை அவற்றில் நிறைய. பிரேக் தளரும்போது முதலில் நகர்பவை அவையாக இருப்பதில் வியப்பில்லை.

இன்னொரு காரணம் சுவாரசியமானது. சுவிட்சர்லாந்தின் செயின்ட் காலனில் நுரையீரல் புற்றுநோய்க்கு பி.டி-1 மருந்து வாங்கிய 73 பேரைப் பின்தொடர்ந்தார்கள். 25 பேருக்குத் தோல் தடிப்பு வந்தது. தடித்த தோலிலும் நுரையீரல் கட்டியிலும் சிறு துணுக்கு எடுத்து, அங்கிருந்த டி செல்களின் மரபு அடையாளத்தை ஒப்பிட்டார்கள். ஒவ்வொரு டி செல் பரம்பரைக்கும் தனக்கே உரிய ஏற்பி வரிசை உண்டு, இரண்டு பரம்பரைக்குத் தற்செயலாக ஒன்றாக அமைவது அபூர்வம். அதே பரம்பரை தோலிலும் இருந்தது, கட்டியிலும் இருந்தது. இரண்டு இடத்துக்கும் பொதுவான ஒன்பது புரதத் துணுக்குகளையும் அடையாளம் கண்டார்கள். 2019இல் வந்த இந்த ஆய்வின்படி, சிலருக்காவது முழங்கை அரிப்பு குறி தப்பிய தாக்குதல் அல்ல. கட்டியில் எதைத் தேடினவோ அதையே அந்த அணுக்கள் தோலிலும் கண்டிருக்கின்றன. நுரையீரலின் சிலவகைப் புற்றணுக்களும் தோலின் மேலடுக்கும் ஒரே மாதிரிப் புரதங்களைச் செய்வதால் வரும் வினை இது.

மறைந்திருக்கும் தன்னெதிர்ப்பு வெளியே வர இந்த மருந்து மாதிரி ஒரு தூண்டல் வேண்டும் என்பதற்கு நான் அறிந்த நல்ல சாட்சி மறுபடியும் ஒரு கோழி. ஹேச்சரியை விட்டுக் கிளம்பும் முன்பே, பொரித்த முதல் நாளில், குஞ்சின் கழுத்துத் தோலுக்கடியில் மேரக்ஸ் ஊசி போடுகிறார்கள். மேரக்ஸ் என்பது வைரஸால் வரும் டி செல் புற்றுநோய். ஆக, ஒரு புற்றுநோயைத் தடுக்க உலகில் பரவலாகப் பயன்பட்ட முதல் தடுப்பூசி கோழிக்குத்தான் கிடைத்தது, 1970களின் தொடக்கத்தில். அதில் காலகாலமாக இருப்பது வான்கோழியிடமிருந்து எடுத்த, நோய் தராத ஒரு ஹெர்பிஸ் வைரஸ். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஸ்மித் என்பவர் 1970களில் ஒரு விசித்திரக் கோழி வம்சத்தை வளர்த்தார். குஞ்சாக இருக்கும்போது பழுப்பு நிறம். சில வாரங்கள் கழித்து முளைக்கும் இறகுகள் வெள்ளை வெளேரென்று வரும். அது மனிதர்களுக்கு வரும் வெண்புள்ளியின் கோழி வடிவம். டி செல்கள் இறகின் அடியில் புகுந்து நிற அணுக்களைக் கொன்றுகொண்டிருந்தன. இந்த வம்சத்துக் குஞ்சுகளுக்கு முதல் நாள் அந்த வான்கோழி வைரஸ் ஊசியைப் போட்டால் மிகப் பெரும்பாலானவற்றுக்கு வெண்புள்ளி வந்தது. போடாவிட்டால் சிலவற்றுக்கே வந்தது. அவற்றின் முன்னோர் வம்சமான பழுப்புக் கோழிகளுக்கோ அதே ஊசி போட்டும் ஒன்றும் ஆகவில்லை. அதாவது ஊசி நோயைப் படைக்கவில்லை, பிறப்பிலேயே அதற்குத் தயாராக இருந்த உடம்பில் அதைக் கிளப்பிவிட்டது. அர்கன்சாவில் ஜிசெலா எர்ஃப் பல வருடம் இந்தக் கோழிகளை ஆராய்ந்தார். வளரும் இறகு ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால் அன்றைய நிலவரம் தெரியும், அடுத்த வாரம் இன்னொன்று. கோழியைக் கொல்லாமலே ஒரு தன்னெதிர்ப்பு நோய் தொடங்கி முடிவதைத் தொடர்ந்து பார்க்கும் வசதி மனிதத் தோலில் கிடைக்காது. நம் ஊர் லேயர் கோழிகளுக்கு இந்தக் கவலை இல்லை. அவை அந்த வம்சமும் அல்ல, வெளுக்க நிறமும் கிடையாது.

மனிதர்களில் இந்த மருந்துகளால் வெண்புள்ளி அதிகம் வருவது மெலனோமா என்ற, நிற அணுக்களிலிருந்து பிறக்கும் தோல் புற்றுநோய்க்காரர்களுக்கு. கட்டியும் தோலும் ஒரே அணுவின் வாரிசுகள் என்பதால் காரணம் தெளிவு. நம் பக்கம் மெலனோமா அபூர்வம், ஆகவே இங்கே அதிகம் தெரிவது அரிப்பும் தடிப்பும்தான்.

இங்கே ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். நோயாளிக்குத் தரும் கையேடுகளில் 'தோல் சிவந்தால் மருத்துவரிடம் சொல்லவும்' என்று இருக்கும். பாடப்புத்தகப் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. நம் நிறத்தில் வீக்கம் சிவப்பாகத் தெரியாது. கறுத்தோ, கத்தரிப்பூ நிறத்திலோ, சாம்பல் பூத்தது போலவோ தெரியும். சில சமயம் ஒன்றுமே தெரியாமல் அரிப்பு மட்டும் இருக்கும். ஆறிய பிறகு கருந்தழும்பு பல மாதம் நிற்கும், அதைப் பார்த்து நோய் இன்னும் போகவில்லை என்று பயப்படுவார்கள். சிவப்பைத் தேடும் கண், தடவிப் பார்க்கும் கையை விட இங்கே குறைவாகவே உதவும்.

பெரும்பாலான தடிப்பு ஈரப்பதம் தரும் களிம்பு, ஸ்டீராய்டு களிம்பு, அரிப்பு மாத்திரையில் அடங்கிவிடும். உடம்பின் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் ஊசியை நிறுத்துவதில்லை. பத்தில் மூன்று பங்கைத் தாண்டினால் நிறுத்திவைத்து ஸ்டீராய்டு மாத்திரை தருவார்கள். வாய், கண், பிறப்புறுப்பு புண்ணாவது, தோல் அரிப்பதை விட்டு வலிக்க ஆரம்பிப்பது, காய்ச்சலோடு தோல் உரிவது ஆகியவை வேறு ரகம். அபூர்வம்தான், ஆனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவை. மெடிக்கலில் கேட்டு வாங்கும் களிம்பில் நாளைக் கடத்தக் கூடாது.

தாமதமாக வருவது கொப்புளம். தோலின் மேலடுக்கைக் கீழடுக்கோடு பிடித்துவைக்கும் புரதங்களில் ஒன்றின் பெயர் பி.பி.180. அதற்கு எதிராக பி செல்கள் எதிர்ப்பொருள் செய்ய ஆரம்பித்தால் இரண்டு அடுக்கும் பிரிந்து நடுவில் நீர் கோக்கும். டி செல்லின் பிரேக்கைத் தளர்த்தினால் பி செல் ஏன் துள்ளுகிறது என்று கேட்கலாம். பி செல்லை உசுப்பிவிடுவதே ஒருவகை டி செல்தான், அதன் மேலும் பி.டி-1 இருக்கிறது. கொப்புளம் வர மாதக்கணக்காகும். மருந்தை நிறுத்திய பிறகும் வரும். அதற்கு முன்பு வாரக்கணக்கில் வெறும் அரிப்பு இருப்பதும் உண்டு.

தடிப்பு வந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தமா? வார்டுகளில் இப்படி ஒரு நம்பிக்கை உலவுகிறது, அதில் பாதி உண்மை இருக்கிறது. பக்கவிளைவு வந்தவர்கள் வராதவர்களை விட அதிக நாள் வாழ்ந்ததாகப் பல ஆய்வுகள் காட்டின. ஆனால் அதில் ஒரு பொறி உண்டு. அதிக நாள் உயிரோடு இருப்பவருக்குத் தடிப்பு வர அதிக அவகாசமும் கிடைக்கும். இரண்டாம் வாரத்தில் இறந்தவருக்கு அது வர வாய்ப்பே இல்லை. ஜப்பானில் 134 நுரையீரல் புற்றுநோயாளிகளை வைத்துச் செய்து 2018இல் வெளியிட்ட ஆய்வில் இந்தப் பொறியைத் தாண்ட ஒரு வழி செய்தார்கள். ஆறாவது வாரத்தில் உயிரோடு இருந்தவர்களை மட்டும் எடுத்து, அதற்குள் பக்கவிளைவு வந்தவர், வராதவர் என்று பிரித்து, அங்கிருந்து நாளை எண்ணினார்கள். அப்போதும் வந்தவர்களுக்குச் சாதகமாகவே இருந்தது. அதற்காகத் தடிப்பு வராதவர் மனம் உடைய வேண்டியதில்லை. தோலில் ஒன்றுமே இல்லாமல் கட்டி கரைந்தவர்கள் நிறைய.

இதெல்லாம் காசுக்காரர் வியாதியைப் பற்றிய பேச்சாகத் தெரியலாம். முழு அளவில் போட்டால் ஒரு தடவைக்கே பெரும் தொகை ஆகும். ஆனால் மும்பை டாட்டா மெமோரியல் மருத்துவமனையில் விஜய் பாட்டீல், குமார் பிரபாஷ் குழு, முற்றிய வாய், தொண்டைப் பகுதிப் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் ஒரு சோதனை நடத்தி 2022இன் இறுதியில் முடிவை வெளியிட்டது. ஒரு பிரிவுக்கு மெத்தோட்ரெக்சேட், செலகாக்சிப், எர்லோட்டினிப் மாத்திரைகள். மறு பிரிவுக்கு அதோடு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம் நிவோலுமாப். வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு 240 மில்லிகிராம். ஒரு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் முதல் பிரிவில் 16.3 சதவீதம், இரண்டாவதில் 43.4 சதவீதம். புகையிலையும் பாக்கும் வாய்ப்புற்றைப் பெருக்கிவிட்ட நாட்டில் இது சின்னச் செய்தியல்ல.

பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான மருந்து எப்படிப் போதும்? 2010இல் வெளியான ஆரம்பகால மனிதச் சோதனையிலேயே விடை இருந்தது. ஒரு தடவை போட்ட மருந்து, ரத்தத்தில் அளவு இறங்கிய பிறகும், டி செல்களின் பி.டி-1 மேல் இரண்டு மாதத்துக்கு மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 0.3 மில்லிகிராம் வாங்கியவரிடமும் 10 மில்லிகிராம் வாங்கியவரிடமும் அந்தப் பிடிப்பில் பெரிய வித்தியாசமில்லை. இதன் மறுபக்கம், டோஸ் குறைவு என்பதால் தடிப்பும் வராது என்று சொல்ல முடியாது.

அதோடு இந்தச் சிக்கன முறையில் தோல் மருத்துவருக்கு ஒரு புதிர் சேர்கிறது. கூடவே தரும் எர்லோட்டினிப் மாத்திரையும் தோலில் வெடிக்கும், ஆனால் வேறு வழியில். தோல் அணுக்கள் வளர வேண்டிய ஒரு சமிக்ஞையை அது நேராகவே அடைத்துவிடுவதால் முகத்திலும் நெஞ்சிலும் பருவைப் போலச் சீழ்க்கொப்புளங்கள் வரும். அதற்கு டாக்ஸிசைக்ளின் போன்ற மாத்திரை, தேவைப்பட்டால் எர்லோட்டினிப்பைக் குறைப்பது. நிவோலுமாப் தடிப்புக்கு ஸ்டீராய்டு. முகத்தில் பரு மாதிரியும் முதுகில் தடிப்பு மாதிரியும் ஒரே ஆளுக்கு ஒரே சமயம் வந்தால் எது எதனால் என்று பிரிக்கக் கண் போதாமல், அரிசி அளவு தோலை வெட்டி பயாப்ஸிக்கு அனுப்புகிறார்கள். டி செல்கள் மேலடுக்கின் அடிவரிசையைச் சுற்றி மொய்த்திருந்தால் ஊசி, மயிர்க்காலைச் சுற்றிச் சீழணுக்கள் குவிந்திருந்தால் மாத்திரை.